தனித் தலைக்கட்டு

உக்காருங்க டீச்சரம்மா. அந்த சேரு வேணாம், ஒரு கால் ஆடும், இதுல உக்காருங்க. பள்ளிக்கூடத்துல பாடம் நடத்த வேண்டியவங்களை இந்த வெயில்ல தெருத் தெருவா மண்டை எண்ண அனுப்பியிருக்கானுங்க பாருங்க. கவருமெண்டுன்னா கவருமெண்டுதான். தண்ணி குடிக்கிறீங்களா? பானையில இருக்கு, நீங்களே மோந்துக்குங்க. எம் மவ பானை அது, நான் தொடுறதில்ல.

செல்லுல என்னமோ தட்டுறீங்களே, அதுல மொதல்ல இதை எழுதுங்க. பேரு உத்திராபதி. வயசு எழுபத்தொண்ணு. புதுக்கிணத்துக்குப்பத்துக்குத் தீர்ப்புச் சொல்ற நாட்டாரா இருந்தவரு. தனிக் குடும்பம். இதை நல்லாத் தட்டுங்க, தனிக் குடும்பம். இங்க உக்காந்திருக்கானேன்னு இந்த வீட்டோட சேத்துடாதீங்க. இது எம் மவ பூங்காவனத்து வீடு. நான் இங்க தற்காலிகம். எவ்வளவு நாளாவா? அது ஆச்சு, ரெண்டு வருசம். ரெண்டு வருசம் தற்காலிகமா இருக்கக் கூடாதுன்னு ஒங்க சட்டத்துல இருக்கா?

இருங்க, அவசரப்படாதீங்க. நீங்க சொல்றதை அப்புறம் சொல்லலாம். நான் ஏன் தனின்னு மொதல்ல கேட்டுக்குங்க, அப்பத்தான் ஒங்களுக்கு வெளங்கும்.

ஒங்க கணக்கு வேற, எங்க கணக்கு வேற. நீங்க தலைய எண்ணுவீங்க. நேத்துப் பொறந்த புள்ளை ஒண்ணு, படுக்கையில கெடக்குற கெழவி ஒண்ணு, எல்லாம் ஒண்ணு ஒண்ணுதான் ஒங்களுக்கு. இது ஒரு கணக்கா? ஆட்டுக்காரன் ஆட்டை எண்ணுற மாதிரி. நாங்க தலைக்கட்டுன்னு எண்ணுவோம். கல்யாணம் ஆன ஆம்பளை ஒரு தலைக்கட்டு. அவன் ஊருக்கு வரி குடுப்பான், கூட்டத்துல உக்காந்து பேசுவான், ஊருக்குன்னு எது வந்தாலும் அவனுக்கு ஒரு பங்கு. கல்யாணம் ஆகாத பய தலைக்கட்டு இல்ல. பொம்பளை தலைக்கட்டு இல்ல. புருசன் செத்துட்டா அந்தத் தலைக்கட்டு அழிஞ்சு போவும், மவன் ஆளாயி கல்யாணம் கட்டுனா திரும்ப எழும்பும். எம்புட்டு சுத்தமா இருக்கு பாருங்க. செல்லும் இல்ல, கில்லும் இல்ல. கோயில் வாசல்ல நின்னு நாட்டாரு ஒரு தடவை கண்ணை ஓட்டுனா முடிஞ்சுது ஒங்க மக்கள்தொகை.

என்னாது? தமிழ்நாட்டுல ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஐநூத்தி அம்பத்தஞ்சு பேரா? அது போன கணக்கா? நல்லா இருக்கு. எங்க ஊருல சதுர கிலோமீட்டரே கெடையாதே டீச்சரம்மா. கெழக்க கடலு, மேக்க உப்பனாறு. நடுவுல நின்னு தும்முனா ரெண்டு தண்ணியிலயும் கேக்கும். அதுல எங்க போயி ஐநூறு பேரை நிறுத்துறது? ஆயிரம் ஆம்பளைக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தாறு பொம்பளை வேறயா? அதையுமா உக்காந்து எண்ணுனாங்க? யாரு கேட்டா?

பதினாலு மாவட்டம் கடலோரம்ங்கிறீங்க, ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கடற்கரைங்கிறீங்க. ஒங்க படத்துல நீலக் கோடு போட்டு வச்சிருக்கீங்க. கடலு அந்தக் கோட்டைப் படிச்சிருக்கா? எங்களுக்குத் தெக்கால துறைமுகம் கட்டுறோம்னு கருங்கல்லைக் கொண்டாந்து கடலுக்குள்ள நீட்டுனானுங்க. எங்க கரையில மணலு வருசா வருசம் தெக்கேருந்து வடக்க நகந்துதான் வரும். சின்னப் புள்ளைக்கும் தெரியும். அதைக் கல்லை வச்சு மறிச்சா என்னா ஆவும்? கல்லுக்குத் தெக்க மணலு மலையாட்டம் குமிஞ்சுது. வடக்க இருக்குற நாங்க, எங்க மணலைக் கடலு அள்ளிக்கிட்டுப் போறதைப் பாத்துக்கிட்டு நின்னோம். மொதல்ல தென்னைய எடுத்துச்சு. அப்புறம் வலை பின்னுற கொட்டாயி. அப்புறம் கெழக்குத் தெரு. கெழக்குத் தெருவுலதான் எம் வீடு. அதுக்குப் பக்கத்து வீடு பூங்காவனத்தோடது.

அஞ்சு வருசம் முந்தி ஒரு ஆபீசரு வந்தாரு. முழுக்கைச் சட்டையை மடிச்சு வுட்டுக்கிட்டு அலையைப் பாத்துட்டு, 'கடல் உள்ள வருதே'ன்னாரு. அடேங்கப்பா, கண்டுபுடிச்சுட்டாரு. உப்பனாத்துக்கு மேக்க புறம்போக்கு இருக்கு, அங்க மனை பிரிச்சுத் தர்றோம், ஊருல எத்தனை குடும்பம்னு கணக்குக் குடுங்கன்னாரு. குடும்பம்னா என்னா? எங்களுக்குத் தெரிஞ்சது தலைக்கட்டு. அப்ப நான்தான் நாட்டாரு. கூட்டம் போட்டேன்.

எம் மவளைப் பத்திச் சொல்லணும். இல்லன்னா ஒங்களுக்குப் புரியாது. அவ புருசன் செல்லக்கண்ணு தங்கமான பய. கடல்ல போவல, மஞ்சக்காமாலையில போனான். ஒரே பொட்டப்புள்ளை, அதையும் இவளே மீன் வித்து வளத்து பரங்கிப்பேட்டையில கட்டிக் குடுத்துட்டா. ஆக, புருசனும் இல்ல, மவனும் இல்ல. அப்ப அவ வீடு தலைக்கட்டா? இல்ல. நானா அழிச்சேன்? வழக்கம் அழிச்சுது. நாட்டாரு மவளுங்கிறதுக்காக நான் வழக்கத்தை வளைக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க. பரீட்சையில ஒங்க புள்ளைக்கு மார்க்கு போட்டுக் குடுப்பீங்களா?

கூட்டத்துக்குப் பொம்பளைங்க வர மாட்டாங்க. வலைக் குவியலுக்கு அந்தாண்ட நின்னு கேட்டுக்கிட்டு இருப்பாங்க, அது வேற. அன்னைக்கு நான் தலைக்கட்டு தலைக்கட்டாப் பேரு சொல்லிக்கிட்டு வர்றேன். மதியழகன்னேன். ஒடனே வலைக்கு அந்தாண்டேருந்து ஒரு சத்தம்.

"மதியழகன் எங்க இருக்கான்?"

எம் மவ. அன்னக்கூடை இடுப்புல இருக்கு. யாவாரத்துக்குப் போற வழியில நின்னுருக்கா.

"துபாயில"ன்னு எவனோ சொன்னான்.

"அவன் அங்க ஏசி மாட்டுறான். கடலைப் பாத்து எட்டு வருசமாச்சு. அவனுக்கு மனை உண்டு. இந்த ஊருலயே கெடந்து, தெனம் வெடியக்காலம் ஏலத்துல மீனெடுத்து, ஊரு ஊரா சொமந்து விக்கிறவளுக்கு இல்லையா? கடலு எந்த வீட்டுக்குள்ள வருது? அவன் வீட்டுக்குள்ளயா, என் வீட்டுக்குள்ளயா?"

பேச்சைப் பாத்தீங்களா? கூட்டத்துல! அத்தனை ஆம்பளைங்க உக்காந்திருக்கையில! எல்லாப் பயலும் என்னையே பாக்குறான். நான் சொன்னேன், "இன்னைக்கு ஒனக்கு வுட்டா நாளைக்கு ஊருல உள்ள தாலியறுத்தவ எல்லாம் வந்து நிப்பா. போயி யாவாரத்தைப் பாரு"ன்னேன். கூட்டத்துல பொம்பளை பேசுனதுக்கு அபராதமும் போட்டேன். மவளுன்னும் பாக்கல. நாட்டாருன்னா அப்படித்தான் இருக்கணும். அன்னைக்கு அத்தனை பேரும் அசந்து போயிட்டானுங்க.

அவ என்னா பண்ணுனா தெரியுமா? அழுவல. அன்னக்கூடையைத் தலையில தூக்கி வச்சா. வச்சுட்டுக் கேக்குறா, "அபராதத்தை யாரு கட்டணும்?"

எங்க வழக்கத்துல பொம்பளை தப்புப் பண்ணுனா அபராதம் அவ ஆம்பளை மேலதான் விழும். தலைக்கட்டுதானே கட்டும்? புருசன் இருந்தா புருசன். இல்லன்னா அப்பன். அவ சொல்றா, "எனக்குப் புருசன் இல்ல, மவன் இல்ல. நான்தான் கணக்குலயே இல்லையே. அப்ப எங்க அப்பாதான் கட்டணும். வழக்கம்னா வழக்கம்"னுட்டுப் போயிட்டா.

சிரிக்காதீங்க டீச்சரம்மா. அன்னைக்கு ஊரே சிரிச்சுது, நீங்களும் ஏன் சிரிக்கிறீங்க. நான் போட்ட அபராதத்தை நானே கட்டுனேன். கோயில் தட்டுல வச்சேன். எங்கயாவது கேட்டிருக்கீங்களா, தீர்ப்புச் சொன்னவனே அபராதமும் கட்டுனதை? அதான் நேர்மைங்கிறது. அதைச் சொல்ல மாட்டானுங்க, சிரிச்சதைத்தான் சொல்லுவானுங்க.

சரி, கணக்கைக் குடுத்தோம். ஆபீசரு திரும்ப வந்தாரு. இப்ப முழுக்கைச் சட்டை மடிப்பு இன்னும் மேல ஏறியிருக்கு. "எல்லாம் சரி, ஆனா பட்டா வீட்டுப் பொம்பளைங்க பேருலதான் குடுப்போம்"னாரு. கேட்டீங்களா அநியாயத்தை! ஆம்பளையை எண்ணுன கணக்கு, பொம்பளைக்கு மனை. கடலுக்குப் போறவன் இவன், உசுரைக் குடுக்குறவன் இவன், பேரு மட்டும் அவளுதாம். எங்க ஆளுங்க மூஞ்சியைப் பாக்கணுமே அன்னைக்கு. அப்புறம் எல்லாப் பயலும் சாயங்காலத்துக்குள்ள சமாதானமாயிட்டான், பொண்டாட்டி பேருன்னா என்னா, என் பேருன்னா என்னான்னுட்டான். வெக்கங்கெட்டவனுங்க. துபாயில இருக்குறவன் பொண்டாட்டி மொதல் ஆளா நின்னு வாங்குறா.

எம் முறை வந்துது. "ஒங்க வீட்டம்மா பேரு?"ன்னாரு. எம் பொண்டாட்டி அஞ்சலாட்சி அதுக்கு மொத வருசம்தான் சக்கரை வியாதியில போனா. போயிட்டான்னேன். ஆபீசரு கொஞ்ச நேரம் தலையைச் சொறிஞ்சாரு. "அப்ப ஒங்களுக்குத் தனியா வராதே பெரியவரே. மக இருக்காங்களா? அவங்களோட இருந்துக்கலாமே"ன்னாரு. பின்னாடி எவனோ ஒருத்தன் சொல்றான், "நாட்டாரே, ஒடனே ஒரு பொண்ணு பாத்துடுவோம்"னு. அறுபத்தாறு வயசுல! அவனுக்கும் ஒரு அபராதம் போட்டிருப்பேன், ஆனா அதுக்குள்ள கூட்டமே கலைஞ்சு போச்சு.

பூங்காவனத்துக்குக் குடுத்தாங்களே! ஊரு குடுத்த கணக்குல அவ இல்ல. அவளா நேரா ஆபீசுக்குப் போயி நின்னு, நான் ஒரு வீடு, வந்து பாருங்கன்னுருக்கா. வந்து பாத்தானுங்க. எழுதிக்கிட்டானுங்க. ஊரு எண்ணாத ஒருத்தியை எண்ணுறதுக்கு இவனுங்க யாரு? அந்த மாசமே நாட்டாரும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு உதறிட்டேன். உதறுனேன்னுதான் சொல்லணும். வேற ஆளைப் போட்டானுங்க, அது அப்புறம்.

எல்லாப் பயலும் இந்தக் காலனிக்கு வந்துட்டான். மீனவர் குடியிருப்பாம். அலை சத்தம் கேக்குதா ஒங்களுக்கு? எனக்குக் கேக்கல. உப்பு மண்ணுல நாலு சுவத்தை வச்சு, மேல ஒரு தளத்தைப் போட்டு, அதுக்கு ஒரு பேரு. நான் வரல. கெழக்குத் தெருவுல நான் ஒருத்தன்தான். அந்தத் தெருவுக்கே நான்தான் மக்கள்தொகை. நல்லாத்தான் இருந்தேன். அவ தெனம் மத்தியானம் யாவாரம் முடிஞ்சு வந்து ஒரு தூக்குச் சட்டியை வாசப்படியில வச்சுட்டுப் போவா. உள்ள வர மாட்டா. நானும் கூப்புட மாட்டேன். சாப்புட்டுட்டுச் சட்டியை வாசப்படியில வைப்பேன், மறுநாள் எடுத்துக்குவா. ரோசம் இருக்குற ஆளுங்க நாங்க.

ரெண்டு வருசம் முந்தி ஐப்பசி மழையில கடலு அடுப்பங்கரையை எடுத்துக்கிச்சு. அதுக்கென்னா, நான்தான் சமைக்கிறதே இல்லையே. மறுநாள் பின்செவுத்தை எடுத்துச்சு. அவ ஒரு குட்டி லாரியை வச்சுக்கிட்டு வந்தா. மழையில நனைஞ்சுகிட்டே எங் கட்டிலு, பொட்டி, அஞ்சலாட்சி படம், எல்லாத்தையும் ஏத்துனா. என்னைப் பாத்து, "ஏறுங்க"ன்னா. அந்த ஒரு வார்த்தைதான். அப்பான்னு ஒரு வார்த்தை சேத்துச் சொல்லல. நான் ஏறுனேன். மழையில நின்னுக்கிட்டு ஒரு பொம்பளைகிட்ட வாக்குவாதம் பண்ணுறது எனக்குப் புடிக்காது.

வந்ததுலேருந்து எப்படி வச்சிருக்கான்னு கேக்குறீங்களா? நீங்க கேக்கல, நானே சொல்றேன். பேச்சு கெடையாது. சோத்தைக் கொண்டாந்து வைப்பா, போயிடுவா. கொழம்புல ஒரு முள்ளு இருக்காது. ஒவ்வொரு துண்டையும் பிரிச்சு, முள்ளை எல்லாம் எடுத்துட்டுத்தான் வைப்பா. கெழவனுக்குப் பல்லு போச்சுன்னு ஊருக்குக் காட்டணும், அதான். கடல்ல அம்பது வருசம் கெடந்தவனுக்கு முள்ளெடுத்த மீனு! அப்புறம் அந்த முன்னறையை எனக்குக் குடுத்துட்டு அவ அடுப்பங்கரையில படுக்குறா. வேணும்னே. வர்றவங்க எல்லாம் பாத்துட்டு அய்யோ பாவம்னு அவளைச் சொல்லணும், என்னைக் கொடுமைக்காரன்னு சொல்லணும். எல்லாத்துலயும் ஒரு கணக்கு வச்சிருக்கா. நாட்டாரு ரத்தமாச்சே.

அதனாலதான் சொல்றேன். நான் தனித் தலைக்கட்டு. எங்க ஊரு வழக்கத்துல எம் பொண்டாட்டி செத்தாலும் நான் தலைக்கட்டுதான், சாவுற வரைக்கும். கெழக்குத் தெரு, எம் வீட்டு நம்பரைப் போட்டு, குடும்பத் தலைவரு உத்திராபதின்னு எழுதுங்க. ஒரு பொட்டச்சிக்குக் கீழ ரெண்டாவது பேரா என்னை எழுதுனா நான் வுட மாட்டேன். கலெக்டரு வரைக்கும் போவேன்.

என்னாது?

எப்ப பாத்தீங்க அவளை? காலையில ஏலம் விடுற எடத்துலயா?

அப்ப இந்த வீட்டுக் கணக்கை அங்கயே சொல்லிட்டாளா. சரி. சுவரு என்னா, தளம் என்னான்னு பாத்துட்டுப் போவத்தான் வந்தீங்களா. மொதல்லயே சொல்லியிருக்கலாமே. ஆமா, நான்தான் வுடல. சரி, எத்தனை பேருன்னு சொன்னா?

ஒரு ஆளா?

ஒரு ஆளுன்னா சொன்னா?

நீங்க கேக்கலையா, வீட்டுல வேற யாரும் இல்லையான்னு? கேட்டீங்களா. என்னா சொன்னா? அப்படியே சொல்லுங்க, மாத்தாம சொல்லுங்க.

"எங்கப்பா இருக்காரு. ஆனா அவரு தனித் தலைக்கட்டு, என் கணக்குல அவரைச் சேக்காதீங்க."

ம்.

கோவமாச் சொன்னாளா? சிரிச்சுக்கிட்டுச் சொன்னாளா? ரெண்டும் இல்லையா. சும்மாவா. மீனை எண்ணிக் கூடையில போட்டுக்கிட்டே.

சரிதானே. நான் கேட்டதைத்தானே சொல்லியிருக்கா. நல்லதுதானே. இத்தனை நாளா நான் சொல்லிக்கிட்டு இருந்ததுதானே. எழுதுங்க, தனின்னு எழுதுங்க.

ஏன் தட்டாம உக்காந்திருக்கீங்க?

வீடா? கெழக்குத் தெருவுலன்னு சொன்னேனே. இல்ல, செவுரு இல்ல. வாசப்படி இருக்கு. போன மாசம் இருந்துச்சு. தளம் இல்ல, அடுப்பு இல்ல. அப்ப தனி வீடுன்னு போட முடியாதா? வேற எப்படிப் போடுவீங்க? வீடு இல்லாதவங்கன்னா? அது யாரை? ஓ, பஸ் ஸ்டாண்டுல, கோயில் வாசல்ல படுத்துக் கெடக்குறவங்களை. அவங்களுக்குன்னு ஒரு நாள் தனியா வந்து எண்ணுவீங்களா.

என்னை அந்தக் கணக்குலயா டீச்சரம்மா?

வேற வழி இருக்கான்னு பாருங்க. படிச்சவங்கதானே நீங்க. ஒரே அடுப்புல சாப்புட்டா ஒரே குடும்பம்னு இருக்கா ஒங்க சட்டத்துல? நெசமாவா? அப்ப அதை ஏன் மொதல்லயே சொல்லல? இது ஒண்ணாவது உருப்படியா வச்சிருக்கானுங்களே. பாருங்க, அந்தா அந்தத் தட்டு என்னுது. காலையில அவ வச்ச இட்லி, அவ ஒலை, அவ அரிசி. ரெண்டு வருசமா நான் வேற எங்கயும் ஒரு வேளை கை நனைச்சது கெடையாது. அதுக்கு முந்தி தூக்குச் சட்டியில வந்ததும் இவ அடுப்புதான். பக்கத்து வீட்டுல கேட்டுக்குங்க. யாரை வேணும்னாலும் கேட்டுக்குங்க.

எழுதுங்க. குடும்பத் தலைவி பூங்காவனம். அவளுக்குக் கீழ ரெண்டாவது பேரு, உத்திராபதி. தலைவிக்கு என்னா ஒறவுன்னு கேக்குதா? அப்பன். அப்பன்னு போடுங்க.

என்னா கைய எடுத்துட்டீங்க? அவளைக் கேட்டுட்டுத்தான் மாத்தணுமா? அவளை எதுக்குக் கேக்கணும், வயசுல பெரியவன் நான் சொல்றேன். பன்னெண்டு மணி பஸ்ஸுல வந்துடுவா. கேட்டா, வேணாம்னாலும் சொல்லிடுவா டீச்சரம்மா. அவ வர்றதுக்குள்ள எழுதிடுங்க.